சாட்சியின் வயது

இடது காது அவருக்கு இல்லை.
இருக்கிறது, கேட்காது.
பன்னிரண்டு பாகம் ஆழத்தில் ஒருநாள்
முட்டை ஓடு மாதிரி விட்டுப்போனதாம்.
அதனால் நாற்காலியை
வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

செபு நகரம், தொழிலாளர் விசாரணை அறை, மூன்றாம் மாடி.
ஏசி ஒழுகி வாளி பாதி நிறைந்துவிட்டது.
செபுவானோவை ஆங்கிலமாக்க வேண்டும்,
கேள்வியை மறுபடி செபுவானோவாக்க வேண்டும்.
மணிக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி.

முதன்முதலில் மீன்பிடிக் கப்பலேறியபோது
உங்கள் வயது?

வெனிஃப்ரேடோ லகாஹித் சொன்னார்:
பாத்தா பா கோ.

குழந்தை. இன்னும். நான்.
அவ்வளவுதான், மூன்று சொல்.
நான் வாய் திறப்பதற்குள்
கம்பெனி வக்கீல் சித்தோய் எழுந்துவிட்டார்.
பாத்தா என்றால் வாலிபனும்தானே?
என் மாமியார் என்னையே பாத்தா என்கிறார்,
எனக்கு நாற்பத்திரண்டு.

பொய் இல்லை. தொல்லையே அதுதான்.
தொட்டிலில் கிடப்பதும் பாத்தா,
மீசை வைத்துக்கொண்டு தாயிடம் காசு கேட்பவனும் பாத்தா.
விசாரணை அதிகாரி வடக்கே இலோகோஸ்காரர்,
என்னைப் பார்த்தார்:
சைல்டா, யூத்தா? ஒன்றைச் சொல்லுங்கள்.

சைல்ட் என்றால் பணம் வரும்.
யூத் என்றால்
தெரிந்தேதான் குதித்தான் என்று கோப்பை மூடிவிடுவார்கள்.
பிறந்த சான்றிதழ் புயலில் போன வீட்டோடு போய்விட்டது.

வலது காதில் கேட்டேன்.
யோசித்து இன்னொரு சொல் தந்தார்:
லிங்ஹோட்.

அது காய்க்குச் சொல்கிற சொல்.
பிஞ்சு.
கொட்டை இன்னும் வெள்ளையாய்
பல் பட்டதும் நறுக்கென்று போகுமே, அந்த மாங்காய்.
இம்மெச்சூர் என்றால் திட்டுவதாகிவிடும்.
டெண்டர் என்றால், இந்தக் கட்டிடத்தில்,
இரண்டாம் மாடிக்குப் போகச் சொல்வார்கள்.
தட்டச்சுக்காரி விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சித்தோய் குறுக்கே நேராக செபுவானோவில் இறங்கினார்:
அப்போதே நீ உலித்தாவோ, இல்லையா?

உலித்தாவோ, கல்யாணமாகாத இளைஞன்,
தலைக்கு எண்ணெய் பூசி
ஊர்த் திருவிழா நடனத்துக்குப் போகிறவன்.
சாட்சி முதல்முறையாகச் சிரித்தார்.
என்னிடம் செருப்பே கிடையாது, அட்டர்னி.

பிறகு யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.
கல் கட்டிய கயிறோடு வரிசையாகக் குதிப்போம்.
கல்லால் பவளத்தைத் தட்டித் தட்டி
மீனை வலைக்கு ஓட்டுவோம்.
எனக்குக் குட்டைக் கயிறு.
நீளக் கயிறு என்னையே இழுத்துக்கொண்டு போய்விடும்.
ராத்திரி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் படுக்கை,
பாயை நனைத்தால் அடி.
முதல் பயணத்தில் ஒரு கடைவாய்ப்பல் ஆடிக்கொண்டிருந்தது.
நாக்கால் தள்ளிக்கொண்டே குதித்தேன்.
மேலே வந்து பார்த்தால் இல்லை.
திரும்ப முளைக்கிற பல்தான் அது.
முளைத்தும் விட்டது, இதோ.

வாயைத் திறந்து காட்டினார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், சித்தோய் உட்பட.
மஞ்சளடித்த சாதாரணப் பல்.

இதை ஆங்கிலமாக்க
எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.
மில்க் டூத் என்றேன்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.
விசாரணை அதிகாரி எதையோ எழுதினார்,
அடித்தார், மறுபடி எழுதினார்.
அடுத்த வாய்தா ஆகஸ்டில்.

கைப்பிடியைத் தடவித் தடவி எழுந்தவர்
என்னிடம் குனிந்து சொன்னார்:
சலாமத், டாய்.

டாய் என்றால் சின்னப்பெண்ணே.
எனக்கு ஐம்பத்து மூன்று.
எங்கள் ஊரில் எந்தப் பெண்ணையும் அப்படித்தான்,
தேங்காய் விற்பவளையும் மேயரையும்.

சுருள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால்
அதுவும் பதிவாகிவிட்டது.
எழுத்துக்கூட்டினால் ஆங்கிலத்தில் அது வேறு சொல்.
மாலை பிரதியைச் சரிபார்க்கும்போது பார்த்தேன்,
கடைசிப் பக்கம், கடைசி வரி:

நன்றி, பகலே.

திருத்தப் பேனாவைத் திறந்தேன்.
மூடிவிட்டுக் கையெழுத்துப் போட
வேறு பேனா தேடினேன்.